ஆள் மாறி வந்த ‘உள்ளேன்’

2020 மார்ச் 27

பாளையங்கோட்டையில் நான் பூகோளம் நடத்திக்கொண்டிருந்த காலத்தில், ஏழாம் வகுப்பில் பேராச்சி என்று ஒரு பெண் இருந்தாள். ஒருநாள் வருகை எடுத்துக்கொண்டிருக்கும்போது எழுந்து நின்று கேட்டாள்: “டீச்சர், நாங்க எல்லாரும் ஒங்க கண்ணுக்கு முன்னாலதான இருக்கோம். பொறவு எதுக்கு தெனமும் பேரு கூப்புடுதிய?” வகுப்பு சிரித்தது. ‘உட்காரு’ என்றேன். பதில் தெரியாத ஆசிரியர்களிடம் எப்போதும் தயாராக இருக்கும் பதில் அது.

இன்று அந்தக் கேள்வி நினைவுக்கு வந்ததற்குக் காரணம், பிரமு அக்கா காலையில் கொஞ்ச நேரம் இறந்துபோயிருந்ததுதான்.

ஊரடங்கு தொடங்கி மூன்றாவது நாள். எங்கள் செண்பகம் குடியிருப்பு ‘ப’ எழுத்தைப் போல வளைந்த கட்டடம். நடுவே முற்றம். எல்லாருடைய பால்கனியும் முற்றத்தைப் பார்த்தே இருக்கும். இளவட்டங்கள் பிள்ளைகுட்டிகளோடு சொந்த ஊர்களுக்குக் கிளம்பிவிட்டதால் மிஞ்சியது வயதானவர்கள் ஐந்து பேர்தான். கீழ்த்தளத்தில் பிரமு அக்கா. எண்பதைத் தாண்டியவர், காது மந்தம். முதல் மாடியில் ஒரு பக்கம் நான். எதிர்ப்பக்கம் ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்ற அருளானந்தம். மனைவி காலமான பிறகு தனியாக இருக்கிறார். அவருக்கு அடுத்த வீட்டில், தையற்கடை வைத்திருந்த மைதீன் பிச்சை பாயும் அவர் மனைவி செய்யதலி பாத்திமாவும்.

பால் பாக்கெட் வெயில் ஏறும்வரை பிரமு அக்காவின் வாசலிலேயே கிடந்தது. கதவைத் தட்டினோம், கூப்பிட்டோம், பதில் இல்லை. பாத்திமா அழத் தொடங்கிவிட்டாள். ஊரடங்கில் சாவு வீட்டுக்கு எத்தனை பேரை வர விடுவார்கள் என்று பாய் கவலைப்பட்டார். கார்டு தன் பழைய விசிலைக் கொண்டுவந்து சன்னலில் வைத்து ஊதினார். அக்கா எழுந்து வந்து, “எந்த வண்டிப்பா வருது?” என்று கேட்டார். காதுக் கருவியைக் கழற்றி வைத்துவிட்டுத் தூங்கியிருக்கிறார். நாங்கள் அவரை முடித்தே விட்டோம் என்று தெரிந்ததும், யார் அதிகமாக அழுதது என்று விசாரித்தார்.

நாளையிலிருந்து காலையில் பால்கனியில் நின்று வருகை எடுப்பேன் என்று அறிவித்துவிட்டேன். எடுக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. அறிவிப்பது என் பழக்கம்.

மார்ச் 28

முதல் வருகை.

பிரமு அக்கா, “இருக்கேன்டி” என்றார். பாத்திமா வெட்கப்பட்டுக்கொண்டு, “உள்ளேன் டீச்சர்” என்றாள். பாயும் கையைக் கட்டிக்கொண்டு அதையே சொன்னார். அருளானந்தம் மட்டும், தொண்டையைச் செருமி, “உள்ளேன் ஐயா” என்றார்.

ஐயா இல்லை என்று திருத்தினேன். “நான் படிச்சது ஆம்பளப் பயலுவ பள்ளிக்கூடம் டீச்சர். வாத்தியாரு அம்புட்டுப் பேரும் ஆம்பளைய. வாய் அப்படியே பழகிட்டு” என்றார். அந்த ஒரே வாக்கியத்தில் ‘டீச்சர்’ சரியாக வந்தது. ‘உள்ளேன்’ பக்கத்தில் மட்டும்தான் வராதாம்.

ஏப்ரல் 3

வருகை முடிந்ததும் உடற்பயிற்சி. உட்கார்ந்தே இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு சொன்னேன். தாமிரபரணி ஓடிக்கொண்டிருக்கும் இடத்தில் கூழாங்கல் பளபளவென்று இருக்கும். தேங்கி நிற்கும் இடத்தில் பாசி பிடித்துக் கிடக்கும். நாம் கூழாங்கல்லா, பாசியா? பிரமு அக்கா தனக்கு இந்த வயதில் பாசியே போதும் என்றார். ஆனாலும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தினார்.

மூச்சுப் பயிற்சி கார்டின் கண்டுபிடிப்பு. திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் வரைக்கும் உள்ள ரயில் நிலையங்களை ஒரே மூச்சில் சொல்ல வேண்டும். பாளையங்கோட்டை, செய்துங்கநல்லூர், தாதன்குளம், ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி, நாசரேத் என்று போகும். நான் நாசரேத்தில் நின்றுவிட்டேன். பாய் குரும்பூர் வரை போனார். பாத்திமா ஆறுமுகநேரி. கார்டு திருச்செந்தூர் வரைக்கும் போய், அங்கிருந்து திரும்பி வரவும் மூச்சு மிச்சம் இருக்கிறது என்று பெருமையடித்தார். பிரமு அக்கா தாதன்குளத்திலேயே இறங்கிவிட்டார். அங்கேதான் அவரைக் கட்டிக்கொடுத்தார்களாம். அந்தக் கதையில் வெயில் ஏறிவிட்டது.

ஏப்ரல் 9

வருகை முழுமை. ‘ஐயா’ இன்னும் தொடர்கிறது.

ஏப்ரல் 14

சித்திரை ஒன்று. வேப்பம்பூ பச்சடி செய்தேன். யாருக்குக் கொடுப்பது, எப்படிக் கொடுப்பது? பாய் ஒரு வழி செய்தார். என் பால்கனிக் கம்பிக்கும், அவர்கள் பால்கனியில் கார்டுக்கும் கை எட்டுகிற கம்பிக்கும் நடுவே இரட்டைக் கயிறு கட்டி, அதில் ஒரு கூடையைத் தொங்கவிட்டார். ஒரு கயிற்றை இழுத்தால் கூடை அந்தப் பக்கம் போகும். கார்டு தன் பச்சைக் கொடியை எடுத்துக்கொண்டு வந்தார். அவர் கொடி அசைக்காமல் கூடை நகரக் கூடாது. அப்படி அவர் ஒரு விதி போட, பச்சடி முற்றத்தின் மேலே ஊர்ந்து போனது. கீழே நின்ற பிரமு அக்காவின் தலையில் கொஞ்சம் சிந்தியது. பண்டிகை நாளில் அது நல்ல சகுனம் என்று நாங்கள் எல்லாரும் சேர்ந்து முடிவு செய்தோம்.

புனேயிலிருந்து மகள் உமையாள் போன் செய்தாள். கதவையே திறக்காதே என்றாள். சரி என்றேன். சாப்பிட்டாச்சா என்றாள். ஆச்சு என்றேன். பேசி முடிக்க வசதியான கேள்வி, வசதியான பதில்.

ஏப்ரல் 22

கடத்தல் பிடிபட்டது.

பாத்திமா வீட்டிலிருந்து கார்டு வீட்டுக்கு முருங்கைக்கீரை போவதாகச் சொன்னார்கள். இரண்டும் பக்கத்துப் பால்கனி. கையை நீட்டினாலே கொடுத்துவிடலாம். அதை ஏன் கூடையில் ஏற்றி என் பக்கம் வரை அனுப்பி, திரும்ப இழுக்க வேண்டும்? யோசித்துப் பார்த்தேன். என் கண் முன்னால் கீரை போனால் நான் சந்தேகப்பட மாட்டேனாம். அதிபுத்திசாலித்தனம். பாதி வழியில் கயிற்றைப் பிடித்து நிறுத்தினேன். கீரைக்கு அடியில், வாழையிலையில் பொதிந்த கோதுமை அல்வா, இன்னும் சூடாக.

அருளானந்தத்துக்குச் சர்க்கரை வியாதி. விசாரணை நடந்தது. பாய் தனக்கு எதுவும் தெரியாது என்றார். பாத்திமா, கேட்ட மனுசனுக்கு இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை என்றாள். குற்றவாளி சிவப்புக் கொடியைக் காட்டிக்கொண்டு நின்றார்.

‘இனி அல்வா தின்ன மாட்டேன்’ என்று உரக்கச் சொல்லிக்கொண்டே மொட்டை மாடியைச் சுற்றி வர வேண்டும் என்று தண்டனை கொடுத்தேன். தெருக்கோடி வரை கேட்கிற மாதிரி சொல்லிச் சொல்லி நடந்தார். நல்ல நடைப்பயிற்சி. நாளைக்கும் ஏதாவது குற்றம் செய்யச் சொல்லலாமா என்று யோசிக்கிறேன்.

அல்வாவைப் பறிமுதல் செய்தேன். வீணாகக் கூடாது என்பதால் நானே அதைக் கவனித்துக்கொண்டேன்.

மே 11

நோன்பு மாதம். பாத்திமா மாலையில் கூடையில் கஞ்சி அனுப்புகிறாள். பாய் பழைய சட்டைத் துணிகளில் எல்லாருக்கும் முகக்கவசம் தைத்தார். பிரமு அக்காவுக்குத் தைத்ததில் அவர் காதுக் கருவி மாட்டிக்கொள்கிறது. காது வேண்டுமா, மூக்கு வேண்டுமா என்று பாய் கேட்க, அக்கா வாய் வேண்டும் என்றார். பிறகு தலைக்குப் பின்னால் முடிச்சுப் போடுகிற மாதிரி மாற்றித் தைத்துக் கொடுத்தார்.

கார்டுக்கு நீலக் கட்டம் போட்ட துணி. பார்க்க நன்றாக இருக்கிறது. துணியைச் சொன்னேன்.

ஜூன் 8

காலையில் பிரமு அக்கா கீழேயிருந்து, “ஏட்டி வடிவு, அட்டனன்ஸ் எடுக்க எதுக்கு கஞ்சி போட்ட சேலை?” என்று கேட்டார். காது கேட்காதவர்களுக்கு மெதுவாகப் பேசத் தெரிவதில்லை. வெயில் காலத்தில் பருத்தி உடுத்துவதே உடம்புக்கு நல்லது என்று விளக்கினேன். ஒழுங்காக உடுத்தினால் மனம் சோராது. இதுவும் ஆரோக்கியப் பழக்கம்தான் என்று எடுத்துக்காட்டோடு சொன்னேன். எல்லாரும் மிகவும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள். அந்த மரியாதை எனக்குப் பிடிக்கவில்லை.

ஜூன் 9

நூல் சேலை எல்லாம் சோப்பில் ஊறுகிறது. அதனால் இன்று வேறு சேலை.

ஜூன் 10

மறுபடியும் நூல் சேலை.

ஜூலை 14

முடிதிருத்தகங்கள் திறந்து பல நாள் ஆகியும் போகாமல் இருந்த அருளானந்தம் நேற்றுப் போய் வந்திருக்கிறார். மீசையையும் சரி செய்திருக்கிறார். கூட்டம் சேரும் இடத்துக்கு இப்போது போகலாமா என்று கண்டித்தேன். “பாக்க நல்லா இல்லையோ?” என்று கேட்டார். பதில் சொல்வது என் வேலையில்லை.

இரவு ஏதோ லேசாக முடித்துக்கொண்டேன். ஒருத்திக்காக அடுப்பைப் பற்றவைப்பதாவது.

ஜூலை 20

இதை நிதானமாக எழுத வேண்டும்.

மூன்று நாளாக அருளானந்தம் பால்கனிக்கு வரவில்லை. பாய் கட்டிக்கொடுத்த மூங்கில் திரையை இறக்கிவிட்டு அதற்குப் பின்னாலிருந்தே பதில் சொன்னார். வெயிலில் கண் கூசுகிறது என்று பாய் அவருக்காகக் காரணம் சொன்னார். நானும் விட்டுவிட்டேன்.

இன்று பேரைக் கூப்பிட்டேன். திரைக்குப் பின்னாலிருந்து அதே கரகரத்த குரல் வந்தது. “உள்ளேன் டீச்சர்.”

அடுத்த பேரைக் கூப்பிட வாய் திறந்தவள் அப்படியே நின்றேன். மாதக்கணக்காகத் திருத்தியும் திருந்தாதவர் ஒரே இரவில் திருந்துவாரா? நாற்பது வருஷம் வகுப்பில் நின்றவளுக்கு ஆள் மாறிய ‘உள்ளேன்’ தெரியாதா? அடுத்தவனுக்குக் குரல் கொடுக்கிற பையன்கள் எல்லாருமே இப்படித்தான் மாட்டுவார்கள். வராதவன் சொல்வதைவிட ஒழுங்காகச் சொல்லிவிடுவார்கள்.

“பாய்” என்றேன். பிறகு “மைதீன் பிச்சை” என்று வகுப்பில் கூப்பிடுவது போலக் கூப்பிட்டேன். இரண்டு பால்கனிக்கும் நடுவே இருக்கிற சுவரின் மறைவிலிருந்து பாய் மெல்ல எழுந்து நின்றார். பாத்திமா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

அருளானந்தத்துக்கு வெள்ளிக்கிழமையிலிருந்து காய்ச்சல். வெளியே தெரிந்தால் கட்டடத்துக்கே தகரம் அடித்து அடைத்துவிடுவார்கள், தன் ஒருவனால் நாலு பேரும் உள்ளே கிடப்பார்கள், பிரமு அக்காவைப் பரிசோதனை என்று எங்கெல்லாமோ இழுத்தடிப்பார்கள் என்று பாயிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார். சாதாரணக் காய்ச்சல்தான், போய்விடும் என்றும் சொல்லியிருக்கிறார். பாய் தினமும் அவர் கதவுக்கு வெளியே கஞ்சியை வைத்துவிட்டு வந்து, காலையில் அவருக்காகக் குரல் கொடுத்திருக்கிறார். முதல் இரண்டு நாள் கார்டு உள்ளே படுத்துக்கொண்டு, “ஐயான்னு சொல்லும்வே” என்று ஞாபகப்படுத்தினாராம். இன்று ஞாபகப்படுத்த அவரால் முடியவில்லை.

போன் போட்டேன். எடுக்க வெகு நேரம் ஆனது. நலம் விசாரிக்கவில்லை. “திருச்செந்தூர் வண்டி கெளம்பட்டும்” என்றேன்.

“டீச்சர், இப்ப வேண்டாமே.”

“கெளம்பட்டும்.”

“பாளையங்கோட்டை” என்றார். மூச்சு வாங்கினார். “செய்துங்கநல்லூர்” என்றார். அதற்கு மேல் வண்டி போகவில்லை.

நூற்றெட்டுக்குப் போன் செய்தேன். அவரிடம் சொன்னபோது கெஞ்சினார். தகரம், தகரம் என்றே சொல்லிக்கொண்டிருந்தார். தகரம் அடித்தால் நாங்கள் உள்ளே இருப்போம், ஏற்கெனவே உள்ளேதான் இருக்கிறோம் என்றேன். ஆம்புலன்ஸ் வந்தது. முழுக்க மூடிய உடையில் இரண்டு பேர் கைத்தாங்கலாக அழைத்துப் போனார்கள். படியிறங்கும்போது நீலக் கட்டம் போட்ட முகக்கவசம் கட்டியிருந்தார். முற்றத்தில் ஒரு நொடி நின்று மேலே பார்த்தார். நான் ஏதோ சொல்ல நினைத்தேன். பச்சைக் கொடி அவரிடம்தான் இருக்கிறது. என்னிடம் மஞ்சள் தூசித்துணி ஒன்று இருந்தது, அதை ஆட்டினேன்.

மாலையில் தகரம் அடித்தார்கள்.

ஜூலை 21

வருகை எடுத்தேன். அருளானந்தம் பேரையும் கூப்பிட்டேன். பாயின் உதடு அசைந்தது. வேண்டாம் என்று கையைக் காட்டினேன்.

ஜூலை 23

எங்கள் நான்கு பேருக்கும் மூக்கில் குச்சி விட்டுப் பார்த்தார்கள். நான்கு பேருக்கும் தொற்று இல்லை. பிரமு அக்கா, இத்தனை வயதில் தன்னை யாரும் இவ்வளவு ஆழமாக விசாரித்ததில்லை என்றார்.

ஆஸ்பத்திரியில் அவருக்கு ஆக்ஸிஜன் வைத்திருக்கிறார்கள். பேச முடியவில்லை. போனைக் காதருகே வைத்த செவிலியப் பெண், “சொல்லுங்கம்மா, கேக்காரு” என்றாள். என்ன சொல்வது? பிரமு அக்கா குதிகாலை முன்பைவிட நன்றாக உயர்த்துகிறார் என்றேன். பாய் தைத்த முகக்கவசங்களைப் பற்றிச் சொன்னேன். கூடைக் கயிறு நைந்துவிட்டது, புதுக் கயிறு கட்ட வேண்டும் என்றேன். அந்தப் பெண் பொறுமையாகப் பிடித்துக்கொண்டிருந்தாள். கடைசியில், “வேற எதுவும் சொல்லணுமாம்மா?” என்று கேட்டாள். இல்லை என்றேன்.

ஜூலை 25

வீடு முழுக்க ஒட்டடை அடித்தேன்.

ஜூலை 26

அடித்த இடத்திலேயே மறுபடி அடித்தேன்.

ஜூலை 27

பாய் ரொம்பவும் இடிந்துபோயிருக்கிறார். மறைத்தது தன் தவறு, முதல் நாளே சொல்லியிருந்தால் மூச்சு இவ்வளவு மோசமாகியிருக்காது என்று பால்கனியில் நின்று அழுதார். அவரைத் தேற்றுவதற்கு ஓர் எடுத்துக்காட்டு தேடினேன்; கிடைக்கவில்லை. முதன்முறையாக இப்படி.

பாத்திமாதான் பேசினாள். “அழுவாதீங்க. நீங்க மட்டும் ஐயான்னு சரியா சொல்லியிருந்தா டீச்சருக்குத் தெரிஞ்சே இருக்காது. தப்பாச் சொன்னதுதான் நல்லதாப் போச்சு.”

ஒருவரால் ஒரு பழக்கத்தை விட முடியாமல் போனது எவ்வளவு உதவியிருக்கிறது என்று நானும் ஒத்துக்கொண்டேன். பாத்திமா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

“பழக்கமா? டீச்சர், அவுக வேணும்னுல்லா சொன்னாக. ஐயான்னு சொன்னாத்தான் நீங்க அங்கன நின்னு ரெண்டு வார்த்தை திட்டுவிய. சரியாச் சொல்லிட்டா அடுத்த பேருக்குப் போயிருவிய. அவுகளே பிச்சம்மான்னு ஒரு டீச்சர்ட்ட படிச்சவுகதான், ஆம்பளப் பள்ளிக்கூடமெல்லாம் ஒண்ணும் கெடையாது.”

முற்றத்தில் பிரமு அக்கா மட்டும் உட்கார்ந்திருந்தார். கருவியைக் காதில் மாட்டியிருந்தார். இருந்தும் எதுவும் கேட்காதது போல மேகத்தைப் பார்த்தார்.

இன்று இரண்டு போர்வைகள் துவைத்தேன். நன்றாகக் காய்ந்தன.

ஆகஸ்ட் 1

பேசினார். இரண்டே வார்த்தை. தகரம் எடுத்தாச்சா என்று கேட்டார்.

ஆகஸ்ட் 6

ஆக்ஸிஜனை எடுத்துவிட்டார்கள். அறையில் தன்னைப் போலச் சில கிழவர்கள் இருப்பதாகவும், யாரும் யாரோடும் பேசாமல் கூரையையே பார்த்துக் கிடந்ததாகவும் சொன்னார். காலையில் இவர் பேர் கூப்பிடத் தொடங்கிவிட்டாராம். பக்கத்துக் கட்டிலில் ஒரு முன்னாள் தாசில்தார், தன்னை ‘சார்’ போட்டுக் கூப்பிட்டால்தான் பதில் சொல்வேன் என்று இரண்டு நாள் முரண்டு பிடித்தாராம். மூன்றாம் நாள் இவர் வேண்டுமென்றே அந்தப் பேரை விட்டுவிட்டார். தாசில்தார் பதறி எழுந்து, தான் இன்னும் இருப்பதாகத் தெரிவித்தாராம்.

நெடுநேரம் சிரித்தேன். சிரிப்பு உடம்புக்கு நல்லது என்பதால்.

ஆகஸ்ட் 8

வந்துவிட்டார். வேட்டி இடுப்பில் நிற்கவில்லை. ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டு படியேறினார். நாங்கள் அவரவர் பால்கனியில் நின்று கை தட்டினோம். வீட்டிலேயே தனித்திருக்க வேண்டும், நன்றாகச் சாப்பிட வேண்டும், மெல்ல நடக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

ஆகஸ்ட் 9

“அருளானந்தம்.”

“உள்ளேன் ஐயா.”

திட்டினேன். வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிகமாகவே.

ஆகஸ்ட் 17

தேறவில்லை. முகம் நாளுக்கு நாள் ஒடுங்குகிறது. நடக்கச் சொன்னால் நாளைக்கு என்கிறார். பாத்திமா இரு வேளையும் சாப்பாடு அனுப்புகிறாள், பாத்திரங்கள் காலியாகத் திரும்புகின்றன. சாப்பிட்டாச்சா என்று தினமும் போனில் கேட்கிறேன். ஆச்சு என்கிறார். பாய் கேட்டாலும் ஆச்சு. பிரமு அக்கா கேட்டாலும் ஆச்சு. இவ்வளவு சாப்பிடுகிறவர் ஏன் இளைக்கிறார்?

ஆகஸ்ட் 19

காகம்.

இந்தக் கட்டடத்தில் எல்லாப் பால்கனிக்கும் காகம் வரும். ஆனால் அவர் பால்கனியில் வந்து உட்காருகிற காகங்கள் மட்டும் தனி இனம் போலக் கொழுத்திருக்கின்றன. இன்று ஒன்று பறக்கச் சோம்பல்பட்டு நடந்தே போனது. ஓர் ஊரின் மழையளவை அங்கே விளைகிற பயிரைப் பார்த்தே சொல்லிவிடலாம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான்.

மாலையில், விளக்கு வைக்கிற நேரத்தில், பால்கனியில் நின்றபடி போன் செய்தேன். அவரும் தன் பால்கனி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். முற்றம் மட்டும்தான் நடுவே.

சாப்பிட்டாச்சா என்று கேட்கவில்லை. “என்ன கொழம்பு?” என்று கேட்டேன்.

“ஆச்சு” என்றார்.

“ஆச்சான்னு கேக்கல. என்ன கொழம்புன்னு கேட்டேன்.”

தயங்கினார். “கத்திரிக்கா.”

“பாத்திமா இன்னைக்கு அனுப்புனது மீன் கொழம்பு.”

எதிர்ப்பக்கம் தலை குனிந்தது. வாத்தியாரிடம் மாட்டிய பையன் தலை குனிவது போல இல்லை. பாரம் தாங்காமல் குனிவது போல. பிறகு மெல்லச் சொன்னார். நோய் வந்ததிலிருந்து ருசியே இல்லையாம். எதை வாயில் வைத்தாலும் மண் மாதிரி இருக்கிறதாம். “மண்ணா இருந்தாலும் தின்னுருவேன் டீச்சர். தனியா உக்காந்து திங்கத்தான் முடியல. ஆசுபத்திரியிலயாவது நாலு பேரு சேந்து மண்ணு தின்னோம்.”

நான் அறிவுரைக்குத் தயாரானேன். உடம்பு ஓர் எந்திரம், சோறு அதற்குக் கரி என்று ஓர் எடுத்துக்காட்டும் நாக்கு நுனியில் இருந்தது.

அதற்குள் அவர் கேட்டார். “நீங்க என்ன கொழம்பு வச்சிய?”

“ரசம்” என்றேன்.

“சட்டியைக் கொண்டாந்து காட்டுங்க.”

எந்த மாணவரும் என்னிடம் இப்படிப் பேசியதில்லை. எதற்குக் காட்ட வேண்டும், நான் என்ன நோயாளியா என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை.

“டீச்சர், ஒங்க அடுக்களை சன்னலு எனக்கு நேர் எதிர. ஊரடங்கு போட்டதுல இருந்து சாயங்காலத்துக்குப் பொறவு அதுல வெளக்கு எரிஞ்சு நான் பாக்கல. கார்டு வேல பாத்தவன் நான். எங்க வெளக்கு எரியுது, எங்க எரியலங்கிறதைப் பாக்கதுதான் என் வேல.”

போனைக் காதில் வைத்துக்கொண்டே திரும்பி உள்ளே பார்த்தேன். அடுக்களையில் ரசச் சட்டி கழுவிக் கவிழ்த்தபடி இருக்கிறது. என்றைக்குக் கவிழ்த்தேன் என்று எனக்கே நினைவில்லை. மேசையில் ரஸ்க் பாக்கெட் இருக்கிறது. தேநீரும் ரஸ்க்கும் இராச் சாப்பாடு ஆகாது என்று இரண்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். காலையில் நான்கு பேருக்கு ஆரோக்கியம் சொல்லிக்கொடுக்கிற ஒருத்திக்குத் தெரியாதா? தெரியும். கேட்பார் இல்லை, ஆச்சா என்று கேட்டவர்களிடம் ஆச்சு என்று சொல்வதில் சிரமமும் இல்லை.

“ரசம் இல்ல” என்றேன்.

“தெரியும்.”

“எவ்வளவு நாளாத் தெரியும்?”

“ஐயான்னு சொல்ல ஆரம்பிச்ச நாள்ல இருந்தே” என்றார்.

அடுக்களைக்குப் போனேன். விளக்கைப் போட்டேன். இரண்டு தக்காளி, கொஞ்சம் மிளகு, புளி. ரசம் கொதிக்கிற வாசனை முற்றத்தில் இறங்கியதும் பிரமு அக்கா கீழேயிருந்து, “வடிவு வீட்ல ஏதோ விசேசம் போல” என்று ஊருக்கே அறிவித்தார். பாதியைத் தூக்குச்சட்டியில் ஊற்றிக் கூடையில் வைத்தேன். அவர் எழுந்து நின்று, ஒரு கையால் வேட்டியைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் கொடியை அசைத்தார். கூடை போனது.

நாற்காலியைப் பால்கனியின் ஓரத்துக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு, தட்டை மடியில் வைத்துக்கொண்டேன். அவர் முதல் கவளத்தை வாயில் வைத்துவிட்டு, எப்படி இருக்கிறது என்று நான் கேட்பதற்காகக் காத்திருந்தார். கேட்டேன்.

“மண்ணு” என்றார். “ஆனா நல்ல மண்ணு.”

தட்டு காலியாகும் வரைக்கும் இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை. காகங்கள் கம்பியில் உட்கார்ந்து எங்களைக் கோபமாகப் பார்த்துக்கொண்டிருந்தன.

ஆகஸ்ட் 20

இன்று மாலை அவர் எனக்கு முந்திக்கொண்டு போன் செய்தார். என்ன குழம்பு என்றார். புளிக்குழம்பு என்றேன், பொய்யில்லாமல். பாத்திமாவும் பாயும் தட்டுகளோடு பால்கனிக்கு வந்துவிட்டார்கள். பிரமு அக்கா முற்றத்தின் நடுவில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, எந்தப் பக்கத்துக் குழம்பு முதலில் கீழே இறங்குகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு புனேக்கு நானே போன் செய்தேன். உமையாள் அலுவலக வேலையில் இருந்தாள்; குரலில் களைப்பு. சாப்பிட்டாயா என்று கேட்காமல், என்ன குழம்பு என்று கேட்டேன். அந்தப் பக்கம் தட்டச்சுச் சத்தம் நின்றது. “பிஸ்கட்டும்மா” என்றாள். போனை வைக்காதே, அடுப்பைப் பற்றவை, நான் இங்கேயே இருக்கிறேன் என்றேன்.

இந்த நாட்குறிப்பை என்றாவது யாராவது எடுத்துப் படித்தால், அவர்களுக்கு வீட்டுப்பாடம் இது ஒன்றுதான்: இன்று மாலை, தனியாக இருக்கிற ஒருவருக்குப் போன் செய்து, சாப்பிட்டாச்சா என்று கேட்காமல், என்ன குழம்பு என்று கேட்டுவிட்டு, பதில் வரும்வரை காத்திருங்கள்.